முழு உருவப் படத்துக்குக் கேனான் 135 எஃப்/2: இடம் இருந்தால் ராஜா, இல்லாவிட்டால் வெறும் சுமை

கேனானின் இஎஃப் 135 மி.மீ. எஃப்/2 எல் லென்ஸ் 1996இல் வந்தது. (எஃப் எண் லென்ஸின் திறப்பைச் சொல்வது, எண் சிறிதானால் திறப்பு பெரிது.) இத்தனை வருடம் கழித்து அதைப் பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்க இது எப்படி என்று ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் வரவேண்டும், ஆள் பளிச்சென்று ஷார்ப்பாக இருக்கவேண்டும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்து போகவேண்டும் என்று யார் கேட்டாலும் உடனே இந்த லென்ஸைக் கைகாட்டுகிறார்களே, அது பாதிதான் சரி. மீதிப் பாதி நீங்கள் பின்னால் நகர எவ்வளவு இடம் இருக்கிறது, ஆளுக்குப் பின்னால் எவ்வளவு வெட்டவெளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் இது முழு உருவப் படத்துக்கான ரிவ்யூ மட்டும். இந்த லென்ஸைக் கவிழ்க்க வரவில்லை, என் பையில் எப்போதும் இருப்பது இதுதான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். எடை 750 கிராம், ஃபில்டர் அளவு 72 மி.மீ., உள்ளே 8 குழுக்களாக 10 கண்ணாடிகள், அப்பர்ச்சரில், அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பில், 8 பிளேடுகள். கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. மவுன்டில் தூசி, தண்ணீருக்கு எதிரான ரப்பர் வளையமும் கிடையாது, ஆகவே மழையில் வீரம் காட்டவேண்டாம். ஃபோகஸ் மோட்டார் ரிங் வகை யுஎஸ்எம், சத்தமில்லாமல் வேகமாக நகரும். பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, 0.9 மீட்டரிலிருந்து தேடவேண்டுமா 1.6 மீட்டரிலிருந்து தேடவேண்டுமா என்று. முழு உருவம் எடுப்பவர் அதை 1.6இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம், அதற்குள் நமக்கு வேலையே இல்லை.

சரி, இடக் கணக்குக்கு வருவோம். ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மூச்சு விடக் கொஞ்சம் இடம் வைத்து, மொத்தம் 2.1 மீட்டர் உயரத்தை ஃபிரேமில் நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு 3 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 85க்கு 5 மீட்டர். 135க்கு 8 மீட்டர். எட்டு மீட்டர் என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியும், வீட்டு ஹாலில் நின்றால் முதுகு சுவரில் முட்டிய பிறகும் கணுக்கால் வெட்டுப்படும். வெளியே போனாலும் வேறு ஒரு தொல்லை: "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பதை எட்டு மீட்டருக்கு அந்தப் பக்கம் கத்திச் சொல்லவேண்டும், கத்துகிற தொனியில் சொன்னால் எதிரில் நிற்பவர் முகம் இறுகிவிடும். நான் இப்போதெல்லாம் முதலில் பக்கத்தில் போய் நின்று, எப்படி நிற்கவேண்டும் என்று செய்து காட்டிவிட்டு, அப்புறம்தான் பின்னால் நகர்கிறேன். கை சைகை இரண்டு மூன்று பேசி வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

இனி மங்கல். இதில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள், ஏனென்றால் கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் மாதிரிப் படங்கள் எல்லாம் மார்பளவுப் படங்கள். ஒரு லென்ஸ் எவ்வளவு மங்கலாக்கும் என்று சட்டெனக் கணிக்க ஒரு வழி உண்டு. ஃபோக்கல் நீளத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை) எஃப் எண்ணால் வகுத்தால் அந்த லென்ஸின் திறப்பு எத்தனை மி.மீ. அகலம் என்று வரும். 135ஐ 2ஆல் வகுத்தால் 67.5. இப்போது ஆளுக்குப் பின்னால் வெகு தொலைவில் ஒரு விளக்கு எரிகிறது என்று வையுங்கள். படத்தில் அது ஒரு வட்டமாக விரியும். அந்த வட்டத்தை ஆளோடு ஒப்பிட்டு அளந்தால் அதிகபட்சம் இந்த 67.5 மி.மீ. அகலம்தான், கிட்டத்தட்ட அவர் முகத்தில் பாதி. அதற்கு மேல் அது பெரிதாகவே ஆகாது. முகத்தை மட்டும் எடுக்கும்போதும் இதே 67.5தான், ஆனால் அங்கே ஃபிரேமின் உயரமே ஏறக்குறைய 60 செ.மீ., ஆகவே வட்டம் அதில் ஒன்பதில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். முழு உருவத்தில் ஃபிரேம் 2.1 மீட்டர், அதே வட்டம் முப்பதில் ஒரு பங்காகிவிடும். லென்ஸில் எந்தக் கோளாறும் இல்லை, நாம் பின்னால் நகர்ந்துவிட்டோம், அவ்வளவுதான் விஷயம்.

பின்னணி அவ்வளவு தொலைவில் இல்லாவிட்டால் வட்டம் இன்னும் சுருங்கும். திறப்பின் அகலத்தை ஆளிலிருந்து பின்னணி வரைக்குமான தூரத்தால் பெருக்கி, கேமராவிலிருந்து பின்னணி வரைக்குமான மொத்தத் தூரத்தால் வகுத்தால் விடை வரும். ஆளுக்கு 2 மீட்டர் பின்னால் ஒரு சுவரோ புதரோ இருக்கிறது என்று வையுங்கள். 50 எஃப்/1.8 வைத்து எடுத்தால் மங்கல் 11 மி.மீ. 85 எஃப்/1.8இல் 13 மி.மீ.க்குச் சற்று மேல். நம்முடைய 135 எஃப்/2இல்? 13.5. இவ்வளவுதான் வித்தியாசம்! முக்கால் கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு எட்டு மீட்டர் பின்னால் போய் நின்று, சுவரின் வெடிப்புகள் ஏறக்குறைய அப்படியே தெரிகிற படத்தோடு திரும்பி வரலாம். அதே ஆளை நாலடி முன்னால் நகரச் சொல்லியிருந்தால் எந்த லென்ஸிலும் மங்கல் சட்டென்று கூடியிருக்கும்.

பின்னணி 8 மீட்டர் தள்ளிப் போனால் 85க்கு 29 மி.மீ., 135க்கு 34 மி.மீ. இங்கே லேசாகப் பிரிய ஆரம்பிக்கிறது. 30 மீட்டர் தள்ளி மரங்கள் இருந்தால் 85க்கு 40, 135க்கு 53. இங்கேதான் இந்த லென்ஸ் வாங்கிய காசுக்கு வேலை செய்கிறது. நீண்ட பாதை, மைதானம், ஏரிக்கரை, பின்னால் எதுவும் அருகில் இல்லாத இடம், அப்படியான இடத்தில் மட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மங்கல் ஒன்றுதான் குறிக்கோள் என்றால் 85 எஃப்/1.4 லென்ஸ் இதைவிட நல்ல தேர்வு. அதன் திறப்பு சுமார் 61 மி.மீ., ஆனால் ஐந்தே மீட்டரில் நிற்பதால் 2 மீட்டர் பின்னணிக்கு 17 மி.மீ., 8 மீட்டர் பின்னணிக்கு 37 மி.மீ. கிடைக்கும். பின்னணி 20 மீட்டரைத் தாண்டிய பிறகுதான் 135 அதை எட்டிப் பிடிக்கிறது. 85 எஃப்/1.2 என்றால் எந்தத் தூரத்திலும் 135ஆல் அதைப் பிடிக்க முடியாது. இது தெரிந்தும் ஏன் 135ஐ வைத்திருக்கிறேன் என்றால், அதற்கு மங்கலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

அது பின்னணியில் எவ்வளவு அகலம் ஃபிரேமுக்குள் வருகிறது என்பது. ஆளுக்கு 8 மீட்டர் பின்னால் இருக்கும் காட்சியில், 50 மி.மீ. லென்ஸ் 5 மீட்டருக்கு மேல் அகலத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. 85 மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். 135 வெறும் 2.8 மீட்டர். அதாவது பின்னால் 2.8 மீட்டர் அகலத்துக்கு ஒழுங்கான இடம் ஒன்று கிடைத்தால் போதும், பக்கத்தில் நிற்கும் கார், குப்பைத்தொட்டி, மஞ்சள் போர்டு எல்லாம் தானாகவே ஃபிரேமுக்கு வெளியே. நான் மூன்று மீட்டர் இடது பக்கம் நகர்ந்தால் பின்னணி மொத்தமாக மாறிவிடும், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார். மங்கலாக்கி மறைப்பதைவிட ஃபிரேமுக்குள் விடாமலே இருப்பது எவ்வளவோ மேல். மங்கிய மஞ்சள் போர்டும் மஞ்சளாகத்தான் கண்ணில் குத்தும்.

ஷார்ப்னஸுக்கு வருவோம். எஃப்/2இல் ஃபோகஸ் ஆழம் (முன்பின்னாக எவ்வளவு தூரம் ஷார்ப்பாகத் தெரியும் என்பது) ரொம்பக் குறைவு, கால் ஷார்ப்பாக வராது, எஃப்/5.6க்குப் போய்விடுங்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மார்பளவுக்கும் முகத்துக்கும் அது சரி, முகம் மட்டும் நிரம்பும் ஃபிரேமில் எஃப்/2க்கு 3.5 செ.மீ. ஆழம்தான் இருக்கும். முழு உருவத்தில் அதே எஃப்/2க்கு ஆழம் சுமார் 40 செ.மீ. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால் ஃபிரேமில் ஆளின் அளவு மாறாதவரை இது 50க்கும் 85க்கும் 135க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நேராக நிற்கும் ஒருவர், மூக்கு நுனி, முழங்கை, செருப்பு நுனி உட்பட, 40 செ.மீ.க்குள் அடங்கிவிடுவார். ஒரு காலை நன்றாக முன்னால் நீட்டி வைத்தாலோ இரண்டு பேர் முன்பின்னாக நின்றாலோ எஃப்/2.8க்குப் போங்கள், 58 செ.மீ. கிடைக்கும். மற்றபடி எஃப்/2லேயே எடுக்கலாம், இந்த லென்ஸ் முழுத் திறப்பிலேயே ஷார்ப், அதற்காகத்தானே இத்தனை காலம் பேர் வாங்கி வைத்திருக்கிறது.

அப்படியானால் முழு உருவப் படங்கள் ஏன் சொதப்புகின்றன? பெரும்பாலும் கை ஆட்டம். 24 மெகாபிக்சல் கேமராவில் செங்குத்து ஃபிரேமின் உயரம் 6000 பிக்சல். அதில் தலைக்குக் கிடைப்பது 650 பிக்சல் மாதிரி. ஒரு கண்ணுக்கு 90 பிக்சல் கூட வராது. அந்த 90க்குள் நாலைந்து பிக்சல் இழுபட்டால் இமை முடிகள் மறைந்துவிடும், பார்ப்பவர்கள் உடனே "லென்ஸ் சாஃப்ட்" என்பார்கள். ஸ்டெபிலைசர் இல்லாத 135ஐக் கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகத்தில் நான் 1/500 நொடிக்குக் கீழே போக யோசிப்பேன், வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் உணர்திறனை, ஏற்றிவிடுவேன். அதனால் வரும் நாய்ஸை (புள்ளிப் பிசிறை) பிறகு கொஞ்சம் குறைக்கலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. பாடியிலேயே ஸ்டெபிலைசர் உள்ள ஆர்5, ஆர்6 மாதிரி மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத புது வகை) அடாப்டர் போட்டு மாட்டினால் நம் கை ஆட்டம் குறையும், எதிரில் நிற்பவர் அசைவது குறையாது. அதனால் அங்கேயும் ஷட்டரை ரொம்ப இறக்காதீர்கள்.

ஃபோகஸ் புள்ளியைப் பொறுத்தவரை மிரர்லெஸ்காரர்களுக்கு, கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி அடாப்டர் வழியாகவும் வேலை செய்கிறது. கண் சின்னதாக இருப்பதால் சில சமயம் முகத்தோடு நிறுத்திக்கொள்ளும், பரவாயில்லை, 40 செ.மீ. ஆழத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆரில் முகம் இருக்கும் உயரத்தில் ஃபோகஸ் புள்ளி இல்லாவிட்டால் நடுப் புள்ளியில் முகத்தைப் பிடித்துவிட்டு ஃபிரேமை இறக்குவார்கள். 50 மி.மீ.யில் மூன்று மீட்டரிலிருந்து அப்படிச் செய்தால் ஃபோகஸ் 11 செ.மீ. அளவுக்குப் பின்னால் தள்ளிப் போகும், முன்பக்க ஆழத்தில் பாதி காலி. 135இல் எட்டு மீட்டரிலிருந்து செய்தால் 4 செ.மீ.தான். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸ் முன்பின் விழுவதைச் சரிசெய்வது) செய்பவர்கள் தயவுசெய்து அதை மேஜை மேல் இரண்டு மீட்டரில் வைத்துச் செய்யாதீர்கள், நீங்கள் எடுக்கப்போகும் எட்டு மீட்டரிலேயே செய்யுங்கள்.

தரை. முழு உருவத்தில் மட்டும் வரும் தலைவலி இது, மார்பளவு எடுப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. கால் தெரிகிறது என்றால் காலுக்கடியில் இருக்கும் தரையும் தெரியும், அது ஷார்ப்பாகத்தான் இருக்கும். கண் உயரத்திலிருந்து கேமராவைச் சாய்த்து எடுத்தால் ஆளின் இடுப்பு வரை பின்னணியே தரைதான், காலருகே ஷார்ப்பாக இருந்து மெதுவாக மங்கிக்கொண்டே மேலே ஏறும். கேமராவை இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் இறக்கி நேராகப் பிடித்தால் தரை ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடும், தொடையிலிருந்து தலை வரை பின்னால் இருப்பது தொலைவில் உள்ள மரங்களும் வெளிச்சமும்தான். எட்டு மீட்டர் தள்ளி இருப்பதால் இப்படிக் கீழிருந்து எடுத்தாலும் கால் நீண்டு தலை சிறுத்துப் போகாது. 35 மி.மீ.யில் இரண்டு மீட்டரிலிருந்து இதைச் செய்து பாருங்கள், மாடல் உங்களோடு பேசமாட்டார்.

சாயங்கால வெயில் இலைகளுக்கு நடுவே ஒழுகும் ஒரு மரப் பாதையில் எடுத்தால் இந்த லென்ஸின் குணம் எல்லாம் ஒரே ஃபிரேமில் தெரியும். தலைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சப் புள்ளிகள் நல்ல வட்டமாக, ஓரம் கட்டாமல் மென்மையாக இருக்கும். ஃபிரேமின் மேல் மூலைக்குப் போகப் போக அவை நசுங்கிக் கண் வடிவத்துக்கு மாறும். அது பிடிக்காவிட்டால் எஃப்/2.8க்குப் போகலாம், மூலையும் சரியாகிவிடும், ஆனால் வட்டத்தில் எண்கோணம் எட்டிப் பார்க்கும். வெயில் படும் வெள்ளிச் சங்கிலி, வெள்ளைச் சட்டையின் ஓரம் இவற்றில் ஃபோகஸுக்குச் சற்றுப் பின்னால் மெல்லிய பச்சைச் சாயம் தெரியலாம், வேகமான பழைய லென்ஸ்களுக்கெல்லாம் பொதுவான விஷயம்தான், எடிட்டிங்கில் நீக்கிவிடலாம். இலையில்லாத குச்சிக் கிளைகளை மட்டும் பின்னணியில் வைக்காதீர்கள், பல லென்ஸ்களில் அவை இரட்டைக் கோடாகப் பிரிந்து நச்சரிக்கும்.

உச்சி வெயிலில் எஃப்/2, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/6400 பக்கம் போகும். கேமரா 1/8000 வரை தந்தால் சமாளிக்கலாம். மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (ஷட்டரின் முதல் திரையை மின்னணுவாகத் திறக்கும் முறை) வைத்திருந்தால் இந்த வேகத்தில் பொக்கே (மங்கிய வெளிச்ச) வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். முழு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஃப்ளாஷ் போடுபவர்களுக்கு, வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷை வேலை செய்யவைக்கும் ஹை ஸ்பீடு சிங்க் அல்லது வெளிச்சத்தை 32இல் ஒரு பங்காகக் குறைக்கும் ஐந்து ஸ்டாப் என்டி ஃபில்டர் வேண்டும்.

கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா வைத்திருப்பவர்கள் இதை முழு உருவத்துக்காக வாங்கவேண்டாம். கேனானின் சின்ன சென்சாரில் அதே ஃபிரேமுக்கு கிட்டத்தட்ட 13 மீட்டர் பின்னால் போகவேண்டும், ஃபோனில் பேசித்தான் போஸ் சொல்லமுடியும். அவர்களுக்கு 85 எஃப்/1.8 போதும், எட்டு மீட்டரில் வேலை முடியும். 70-200 எஃப்/2.8 ஏற்கெனவே வைத்திருப்பவர்களும் அவசரப்படவேண்டாம். 200இல் திறப்பு 71 மி.மீ., ஆனால் 12 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், கையில் ஒன்றரை கிலோ. புது ஆர்எஃப் 135 எஃப்/1.8 2022 கடைசியில் அறிவிக்கப்பட்டது, ஸ்டெபிலைசர் இருக்கிறது, 935 கிராம். பணம் இருந்தால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஸ்டெபிலைசர் ஒன்றுக்காகவே. மங்கல் மட்டும் என்று பார்த்தால் பழையதற்கும் புதியதற்கும் பெரிய தூரம் இல்லை. இடமும் இல்லை, பணமும் இல்லை, ஆனாலும் வேண்டும் என்பவர்கள், கிட்டே நின்று பல துண்டுகளாக எடுத்து ஒட்டும் பிரெனைசர் முறையைத் தேடிப் பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரயன் பிரெனைசர் பெயரில் வழங்குவது. 85ஐ வைத்தே அசத்தலாம், ஆள் அசையாமல் நிற்கவேண்டும், அதுதான் கஷ்டம்.

இந்த 135 இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் கிடைக்கும். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை, மூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், ஃபோகஸை முன்னும் பின்னும் ஓடவிட்டு மோட்டார் முனகுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் கடைக்கு வெளியே வந்து, ஸ்டாண்டு போட்டு, எஃப்/2இல் தட்டையான ஒரு சுவரை நேராக எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிடக் கலங்கி இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. முகம் எடுப்பவருக்கு அது தெரியாமலே போகலாம். நமக்குத் தலை ஒரு முனையிலும் கால் மறுமுனையிலும் இருப்பதால் ஒவ்வொரு படத்திலும் தெரியும், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.